சின்ன ரெயிலை மறக்கலாமா?

வீட்டில் ஒரு கயிறு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சரியாக ஒரு மீட்டர் அளந்து வெட்டுங்கள். வாசலில் அதை நீட்டி, இரண்டு முனையிலும் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள்.

இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள இடத்தைப் பாருங்கள். ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்தால் இடம் நிரம்பிவிடும்.

அவ்வளவுதான் அகலம். அந்த அகலத்தில்தான் நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் ரெயில் ஓடியது. அந்த அகலத்தில்தான் மதுரைக்குப் போனார்கள். ராமேசுவரம் போனார்கள். தனுஷ்கோடி வரை போய், கப்பல் ஏறி இலங்கைக்கும் போனார்கள்.

அதுதான் மீட்டர் கேஜ் ரெயில். ஊர் மக்கள் பாஷையில் சொன்னால் ‘சின்ன ரெயில்.’

இன்று அது இல்லை. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தாகிவிட்டது. அதே தடத்தில் பெரிய ரெயில் ஓடுகிறது. இருபது வயது இளைஞரிடம் மீட்டர் கேஜ் என்றால் என்ன என்று கேட்டால் விழிக்கிறார். அவருடைய தாத்தாவிடம் கேட்டால் அரை மணி நேரம் பேசுகிறார்.

தாத்தாவுக்குத் தெரிந்தது பேரனுக்குத் தெரியாமல் போகலாமா?

சீமையில் ஒரு சின்ன ரெயில்

இங்கிலாந்தில் டெவன் என்று ஒரு ஜில்லா இருக்கிறது. அங்கே பார்ன்ஸ்டபிள் என்ற ஊரிலிருந்து லிண்டன் என்ற மலைக் கிராமத்துக்கு 1898-ம் ஆண்டு ஒரு ரெயில் விட்டார்கள். தூரம் சுமார் 19 மைல். அந்தப் பாதை நம்முடைய மீட்டர் கேஜை விடவும் சிறியது. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு அடி கூட முழுதாக இல்லை.

ஆடு மேய்ப்பவர்களும், சந்தைக்குப் போகிறவர்களும், உல்லாசப் பிரயாணிகளும் அதில் போனார்கள். பிறகு சாலையில் மோட்டார் வந்தது. ரெயிலில் கூட்டம் குறைந்தது. நஷ்டம் ஏற்பட்டது. 1935-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 29-ந் தேதி கடைசி ரெயில் ஓடியது. தண்டவாளத்தை ஏலம் போட்டார்கள். ஓர் என்ஜினைக் கப்பலில் ஏற்றிப் பிரேசில் நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ரெயில் நின்ற மறுநாள் ஒருவர் பார்ன்ஸ்டபிள் நிலையத்துக்கு வந்தார். தண்டவாளத்தின் முடிவில் ஒரு மலர் வளையம் வைத்தார். ரெயில் செத்துவிடவில்லை, உறங்குகிறது போலும் என்ற பொருள்பட அதில் எழுதியிருந்தது.

அந்த ஊர் மக்கள் அதை மறக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சங்கம் வைத்தார்கள். பணம் சேர்த்தார்கள். பழைய நிலையம் ஒன்றை வாங்கிப் பழுது பார்த்தார்கள். 2004-ம் ஆண்டு அந்தப் பாதையின் ஒரு சிறு பகுதியில் மறுபடியும் ரெயில் ஓட ஆரம்பித்தது. நின்று 69 ஆண்டுகளுக்குப் பிறகு!

எல்லாப் பாதைக்கும் அந்த யோகம் கிடைக்கவில்லை. 1963-ம் ஆண்டு பீச்சிங் என்ற அதிகாரி பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நஷ்டத்தில் ஓடும் கிளைப் பாதைகளை மூடிவிடலாம் என்றார். அந்த நாட்டில் ஆயிரக்கணக்கான மைல் பாதை மூடப்பட்டது. கிராமங்கள் ரெயிலை இழந்தன.

விழுப்புரத்துக் கதை வேறு மாதிரி. இங்கே பெரும்பாலும் பாதை மூடப்படவில்லை, மாற்றப்பட்டது. ஆனாலும் பழைய ரெயில் மறைந்தது மறைந்ததுதான்.

ஒரு மீட்டர் ஏன்?

நம் நாட்டில் முதலில் வந்தது பெரிய ரெயில்தான். தண்டவாளங்களுக்கு நடுவே ஐந்தரை அடி. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு 1861, 1862-ம் ஆண்டுகளில் போட்ட பாதையும் அந்த அகலத்தில்தான் இருந்தது.

பெரிய பாதைக்குச் செலவு அதிகம். பாலம் பெரிதாக வேண்டும். இரும்பு அதிகம் வேண்டும். 1870-ம் ஆண்டு வைசிராயாக இருந்த மேயோ பிரபு, “இனிமேல் சில இடங்களில் சிறிய பாதை போதும்” என்று முடிவு செய்தார். இரண்டு ஆண்டு கழித்து அந்தமானில் கைதி ஒருவரால் குத்திக் கொல்லப்பட்டாரே, அதே மேயோதான்.

எவ்வளவு சிறியது என்பதில் பெரிய வாக்குவாதம் நடந்தது. இந்தியாவில் மீட்டர் அளவு முறை வரப்போகிறது என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. ஆகவே ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். அடிக் கணக்கில் மூன்று அடி மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல்.

மீட்டர் அளவு முறை வந்ததோ சுதந்திரத்துக்குப் பிறகு. மீட்டர் ரெயில் அதற்கு எண்பது ஆண்டுக்கு முன்பே வந்துவிட்டது!

1874-ம் ஆண்டு ‘சவுத் இந்தியன் ரெயில்வே’ கம்பெனி ஏற்பட்டது. அந்தக் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? நாகப்பட்டினம்–திருச்சி பெரிய பாதையைப் பெயர்த்துச் சின்னப் பாதையாகவே மாற்றிவிட்டது. 1879-க்குள் அந்த வேலை முடிந்தது.

பெரியது சிறியது ஆயிற்று. நூற்றிருபது ஆண்டுக்குப் பிறகு சிறியது மறுபடியும் பெரியது ஆயிற்று. காலம் செய்யும் வேடிக்கை அப்படி.

பஞ்ச காலத்தில் வந்த ரெயில்

சென்னையிலிருந்து செங்கற்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், கடலூர் வழியாகத் தெற்கே போகும் பாதையை 1870-களின் பிற்பகுதியில் போட்டார்கள். அது எப்படிப்பட்ட காலம்?

1876-ம் ஆண்டு முதல் 1878-ம் ஆண்டு வரை சென்னை மாகாணத்தில் கொடிய பஞ்சம். பல லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் இறந்தார்கள். தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான்.

துறைமுகத்தில் வந்து இறங்கிய தானியத்தை ரெயில் உள்நாட்டுக்குக் கொண்டு போயிற்று. அதனால் சில உயிர்கள் பிழைத்தன. அதே ரெயில், விலை எங்கே அதிகமோ அங்கே தானியத்தை வாரிக்கொண்டும் போயிற்று. அதனால் சில ஊர்களில் விலை ஏறியது.

ரெயில் ஒரு கருவி. கத்தியைப் போல. யார் கையில் இருக்கிறது, யாருக்காக ஓடுகிறது என்பதைப் பொறுத்தே நன்மையும் தீமையும். இந்தப் பாடத்தைச் சின்ன ரெயில் பிறந்த அன்றே கற்றுக்கொடுத்தது.

ஐந்து பாதை கூடும் ஊர்

1879-ம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளைப் பாதை திறக்கப்பட்டது. வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் வழியாகப் போகும் அந்தப் பாதை 40 கிலோமீட்டர் கூட இல்லை. ஆனால் இரண்டு ராஜாங்கங்களை அது சேர்த்தது. இந்தப் பக்கம் வெள்ளைக்கார ஆட்சி. அந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி.

தென்னாற்காடு ஜில்லாவில் விளைந்த மல்லாட்டை மூட்டை மூட்டையாகப் புதுச்சேரித் துறைமுகத்துக்குப் போயிற்று. அங்கிருந்து கப்பலில் பிரான்சு தேசத்து மார்செய் நகரத்துக்குப் போய் எண்ணெயாயிற்று. உழவர் வீட்டுக் களத்துக்கும் மார்செய் ஆலைக்கும் நடுவே ஒரு மீட்டர் அகல ரெயில் ஓடியது!

திண்டிவனத்துக்கும் மல்லாட்டைக்கும் உள்ள உறவு இன்றும் விடவில்லை. அங்கே எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது கண்டுபிடித்த நிலக்கடலை ரகங்களுக்கு ‘டி.எம்.வி.’ என்று பெயர். திண்டிவனம் என்பதன் சுருக்கம்தான் அது.

பிறகு விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர், திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடிக்கு ஒரு பாதை வந்தது. 1920-களின் கடைசியில் விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்கு நேர்ப் பாதை வந்தது. அதைக் ‘கார்டு லைன்’ என்பார்கள்.

சென்னைப் பாதை, கடலூர்ப் பாதை, திருச்சிப் பாதை, புதுச்சேரிப் பாதை, காட்பாடிப் பாதை. ஆக ஐந்து பாதைகள் கூடும் ஜங்ஷன் ஆயிற்று விழுப்புரம். 1993-ம் ஆண்டு அது ஒரு மாவட்டத்தின் தலைநகரம் ஆனது. அதற்கு வெகு காலம் முன்பே தமிழ்நாடு முழுவதும் அந்தப் பெயரை அறிந்திருந்தது. காரணம் ரெயில்.

நிலையமே ஒரு சந்தை

அந்த நாளில் சிறிய ஊர் நிலையத்தை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நிலையங்கள். ஓட்டுக் கூரை. ஒரு வேப்ப மரம். குடிதண்ணீர்ப் பானை. தொங்கும் தண்டவாளத் துண்டு ஒன்று. அதில் இரும்பால் அடித்தால் ‘டாண் டாண்’ என்று மணி. ஊரே அதைக் கேட்டு நேரம் சொல்லும்.

பாஸஞ்சர் ரெயில் வந்து நிற்கும். கீரைக் கட்டுடன் ஒருத்தி ஏறுவாள். பள்ளிக்கூடப் பையன்கள் ஏறுவார்கள். மயிலம் முருகன் கோயிலுக்குப் பங்குனி உத்திரம் பார்க்கக் காவடியோடு வருவார்கள். கார்த்திகை தீபம் என்றால் திருவண்ணாமலை ரெயிலில் நிற்க இடம் இருக்காது. பலாப்பழ காலத்தில் பண்ருட்டி பக்கமிருந்து வரும் வண்டி முழுக்க வாசனை.

கரி என்ஜின் காலத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும். வெள்ளை வேட்டி சாம்பல் நிறமாகும். ஆனாலும் குழந்தைகள் அந்த இடத்துக்குத்தான் சண்டை போடும்.

கிளைப் பாதையில் ஒரே ஒரு தடம்தான். எதிரே வேறு ரெயில் வந்தால் என்ன ஆகும்? அதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது.

பல நிலையங்களில் ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் இரும்புக் குண்டுகள். இந்த நிலையத்துப் பெட்டியும் அடுத்த நிலையத்துப் பெட்டியும் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். அடுத்த நிலைய மாஸ்டர் “வரலாம்” என்று சம்மதம் கொடுத்தால்தான் இங்கே ஒரு குண்டு வெளியே வரும். ஒரு குண்டு வெளியே வந்துவிட்டால், இரண்டு பெட்டியிலிருந்தும் மறு குண்டு வராது.

அந்தக் குண்டைப் பையில் போட்டு, பெரிய வளையத்தில் கட்டி, ஓடும் என்ஜினில் இருப்பவரிடம் நீட்டுவார்கள். அவர் கையை விட்டு வளையத்தை மாட்டி எடுத்துக்கொள்வார். குண்டு கையில் இருந்தால்தான் அந்தப் பாதையில் போகலாம். பாதை ஒன்று, குண்டு ஒன்று, ரெயில் ஒன்று. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது அந்தக் குண்டு.

சோகமும் உண்டு

சின்ன ரெயிலின் கதையில் கண்ணீரும் கலந்திருக்கிறது.

1956-ம் ஆண்டு நவம்பர் மாதம். எழும்பூரிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் திண்டிவனம், விழுப்புரம் தாண்டி நேர்ப் பாதையில் போயிற்று. கடும் மழை. அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றில் வெள்ளம். பாலத்தருகே பாதை அரித்திருந்தது. 23-ந் தேதி விடியற்காலையில் ரெயில் ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

அப்போது ரெயில்வே மந்திரியாக இருந்தவர் லால்பகதூர் சாஸ்திரி. அவர் ரெயில் ஓட்டவில்லை. பாலம் கட்டவில்லை. ஆனாலும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு பதவியை விட்டார். இந்திய அரசியலில் இன்றும் சொல்லிக் காட்டும் நேர்மை அது.

1964-ம் ஆண்டு டிசம்பரில் அடித்த புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. பாம்பனிலிருந்து போன பாஸஞ்சர் ரெயிலை அலை விழுங்கிவிட்டது. 1914-ம் ஆண்டு முதல் இலங்கைக் கப்பலுக்கு ஆள் ஏற்றிப் போன ‘போட் மெயில்’ அதன் பிறகு தனுஷ்கோடி வரை போகவில்லை.

ஜப்பான் என்ஜின் வந்தது

சின்ன ரெயில் என்றால் பழைய ரெயில் என்று நினைக்க வேண்டாம். அது புதுமையும் கண்டது.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ம் ஆண்டே மின்சார ரெயில் வந்துவிட்டது. தென்னிந்தியாவில் அதுதான் முதல் மின்சார ரெயில். அதுவும் மீட்டர் கேஜ்தான்.

1960-களின் நடுவில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மின்சாரக் கம்பி இழுத்தார்கள். அதற்காக ஜப்பானிலிருந்து 20 மின்சார என்ஜின்கள் வந்தன. இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதை எத்தனையோ ஆயிரம் மைல் இருந்தது. அதில் மின்சாரம் வந்தது கடற்கரையிலிருந்து விழுப்புரம் வரையிலான இந்த ஒரு பாதைக்குத்தான். திண்டிவனமும் விழுப்புரமும் பெருமைப்படத்தக்க செய்தி இது.

மின்சாரக் கம்பி விழுப்புரத்தோடு முடிந்துவிடும். ஆகவே தெற்கே போகும் ரெயிலுக்கு அங்கே என்ஜின் மாற்ற வேண்டும். மின்சார என்ஜினைக் கழற்றி, கரி என்ஜினோ டீசல் என்ஜினோ மாட்டுவார்கள். அந்த நேரத்தில் பிரயாணிகள் இறங்கிக் காப்பி குடிப்பார்கள். கூஜாவில் தண்ணீர் பிடிப்பார்கள். தூங்கும் குழந்தையை எழுப்பி, “விழுப்புரம் வந்துவிட்டது” என்பார்கள். தென்பாண்டிச் சீமைக்காரர்களுக்கு விழுப்புரம் என்றால் என்ஜின் மாற்றும் இடம். பாதித் தூக்கத்தில் கேட்ட பெயர்.

1977-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி மதுரைக்கும் சென்னைக்கும் இடையே ‘வைகை எக்ஸ்பிரஸ்’ ஓட ஆரம்பித்தது. காலையில் மதுரையில் ஏறினால் பகலிலேயே சென்னை. ஒரு மீட்டர் பாதையில் இவ்வளவு வேகமா என்று நாடே வியந்தது.

பிறகு ஏன் போயிற்று?

நல்ல கேள்வி. நியாயமான பதிலும் உண்டு.

காட்பாடியை எடுத்துக்கொள்ளுங்கள். விழுப்புரத்திலிருந்து சின்ன ரெயிலில் மல்லாட்டை மூட்டை வருகிறது. பெங்களூருக்கோ பம்பாய்க்கோ போக வேண்டும். அந்தப் பக்கம் பெரிய பாதை. சின்ன வண்டி பெரிய பாதையில் ஓடாது. என்ன செய்வது? மூட்டையை எல்லாம் இறக்க வேண்டும். பெரிய வண்டியில் ஏற்ற வேண்டும். கூலி இரட்டிப்பு. நேரம் நஷ்டம். சரக்கும் சேதம்.

பிரயாணிகள் கதியும் அதுதான். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டு, டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்து, மேம்பாலம் ஏறி இறங்கி வண்டி மாற வேண்டும்.

1992-ம் ஆண்டு இந்திய அரசாங்கம் ஒரு முடிவு எடுத்தது. நாடு முழுவதும் ஒரே அகலம். ஐந்தரை அடி. அதன்படி சென்னை–விழுப்புரம்–திருச்சிப் பாதை 1990-களின் பிற்பகுதியில் மாற ஆரம்பித்தது. 2004-ம் ஆண்டு கடற்கரை–தாம்பரம் சின்ன ரெயிலும் நின்றது. அதே ஆண்டு புதுச்சேரிப் பாதை அகலமாயிற்று. மயிலாடுதுறை, காட்பாடிப் பாதைகள் 2010-ஐ ஒட்டி மாறின.

இன்று விழுப்புரத்தில் ஏறியவர் வண்டி மாறாமல் வட நாடு போகலாம். புதுச்சேரியிலிருந்து டெல்லிக்கு நேர் ரெயில் இருக்கிறது. சரக்கு மூட்டையை நடுவழியில் இறக்க வேண்டியதில்லை. இது பெரிய நன்மை. சின்ன ரெயிலே இருந்திருக்கக் கூடாதா என்று அழுவது அறிவுடைமை ஆகாது.

நஷ்டம் எங்கே?

நஷ்டம் இரும்பில் இல்லை. வேறு இடத்தில் இருக்கிறது.

முதலாவது, மாற்றுகிற காலத்தில் ஏழைகள் பட்ட பாடு. விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதையை 2006-ம் ஆண்டு இறுதியில் மூடினார்கள். 2010-ல்தான் திறந்தார்கள். மூன்று ஆண்டுக்கு மேல் பண்ருட்டிக்கும், கடலூருக்கும், சிதம்பரத்துக்கும் அந்த வழியில் ரெயில் இல்லை. வசதி உள்ளவர் காரில் போனார். கூலிக்காரர் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கொடுத்துப் பஸ்ஸில் போனார்.

இரண்டாவது, சில பாதைகள் திரும்பி வரவே இல்லை. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-ம் ஆண்டு ஒரு கிளைப் பாதை திறந்தார்கள். செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு வழியாகக் கடற்கரைக்குப் போகும். தூரம் சுமார் 30 கிலோமீட்டர். அறுபதாம் கலியாணத்துக்குத் திருக்கடையூர் போகிறவர்கள் அதில் போனார்கள். வள்ளியம்மையின் ஊரான தில்லையாடிக்கு அதில் போனார்கள். 1986-ம் ஆண்டு அந்த ரெயில் நின்றது. பார்ன்ஸ்டபிள் ரெயில் போலவே, வரவுக்கும் செலவுக்கும் சரிப்படவில்லை என்பதே காரணம்.

மூன்றாவது, சிறிய நிலையங்கள். அகலப் பாதையில் ரெயில் வேகமாகப் போகிறது. எக்ஸ்பிரஸ் ரெயில்கள் சிறிய நிலையங்களில் பெரும்பாலும் நிற்பதில்லை. தூசியைக் கிளப்பிக்கொண்டு பறந்துவிடுகின்றன. அங்கே நிற்பது பாஸஞ்சர் ரெயில் மட்டும்.

அந்தப் பாஸஞ்சர் ரெயிலுக்கு 2020-ம் ஆண்டு கொரோனா வந்தபோது ஆபத்து வந்தது. எல்லா ரெயிலும் நின்றது. மறுபடி ஓடியபோது பாஸஞ்சர் ரெயில்களைச் ‘சிறப்பு எக்ஸ்பிரஸ்’ என்றார்கள். குறைந்த கட்டணம் 10 ரூபாயாக இருந்தது 30 ரூபாய் ஆயிற்று. பேரணியில் ஏறி விழுப்புரத்தில் இறங்கும் பூக்காரிக்குப் போக 30, வர 30. அவள் ஒரு நாள் லாபத்தில் அது எத்தனை பங்கு? 2024-ம் ஆண்டு பிப்ரவரியில்தான் பழைய 10 ரூபாய் திரும்பி வந்தது.

ரெயில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். யாருக்காக நிற்கிறது என்றும் கேட்க வேண்டாமா?

சின்ன ரெயில் மெதுவாகத்தான் போயிற்று. ஆனால் கீரைக்காரிக்கும் நின்றது. பள்ளிக்கூடப் பையனுக்கும் நின்றது. அதன் பெருமை அகலத்தில் இல்லை. நின்றதில் இருக்கிறது. மறக்கக் கூடாதது அந்தக் குணம்தான்.

செய்ய வேண்டியது என்ன?

மலர் வளையம் வேண்டாம். வேறு சில காரியங்கள் வேண்டும்.

திண்டிவனம், விழுப்புரம் போன்ற நிலையங்களில், மக்கள் வந்து போகும் இடத்தில் நிலையத்தின் வரலாற்றை எழுதி வைக்கலாம். எந்த ஆண்டு ரெயில் வந்தது, எத்தனை பாதை பிரிந்தது, மின்சாரம் எப்போது வந்தது, அகலப் பாதை எப்போது ஆயிற்று என்று நல்ல தமிழில், பெரிய எழுத்தில், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களும் படிக்கும்படி இருக்க வேண்டும். பழைய தண்டவாளத் துண்டு இரண்டை ஒரு மீட்டர் இடைவெளியில் பதித்து வைத்தால் குழந்தைகள் நடுவே நின்று பார்ப்பார்கள்.

பள்ளி ஆசிரியர்கள் ஒரு வேலை கொடுக்கலாம். ரெயில்வேயில் வேலை பார்த்த தாத்தா ஒருவரைப் பிள்ளைகள் சந்திக்க வேண்டும். என்ஜின் ஓட்டியவர், சிக்னல் தூக்கியவர், கேட் மூடியவர், பாதையில் சுத்தியலோடு நடந்தவர் என்று யாராக இருந்தாலும் சரி. அவர் சொல்வதை எழுதி வாங்க வேண்டும். இன்னும் இருபது ஆண்டு போனால் சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேலை உண்டு. விடுமுறையில் பிள்ளைகளை மேட்டுப்பாளையத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் மலை ரெயில் இன்னும் மீட்டர் கேஜில்தான் ஓடுகிறது. உலகப் பாரம்பரியச் சின்னம் என்று 2005-ம் ஆண்டு அதற்கு யுனெஸ்கோ மரியாதை கிடைத்தது. விழுப்புரத்தில் ஓடிய ரெயிலின் உடன்பிறப்பு அது.

எல்லாவற்றிற்கும் மேலாக, ரெயில்வே அதிகாரிகளுக்கு ஒரு வேலை உண்டு. பாஸஞ்சர் ரெயிலைக் குறைக்கக் கூடாது. சிறிய நிலையத்தை மூட நினைக்கும்போது, அங்கே எத்தனை டிக்கெட் விற்றது என்று மட்டும் பார்க்கக் கூடாது. அந்த ரெயில் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் எத்தனை பேர் போக முடியாது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே வருகிற நோயாளிக்குப் பத்து ரூபாய் டிக்கெட் பெரிய உதவி.

கயிறு பத்திரம்

இப்போது வாசலில் போட்ட இரண்டு கோட்டையும் மறுபடி பாருங்கள்.

ஒரு மீட்டர்தான். அதற்குள் தாது வருஷப் பஞ்சத்துத் தானியம் வந்தது. மார்செய்க்குப் போன மல்லாட்டை போயிற்று. இலங்கைக்குப் பிழைக்கப் போனவர்கள் போனார்கள். கலியாணப் பெண் போனாள். படிக்கப் போன பிள்ளை போனான். காவடி போயிற்று. பலாப்பழம் போயிற்று.

கயிற்றைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சுருட்டி வையுங்கள். பேரப்பிள்ளை “இது என்ன தாத்தா?” என்று கேட்பான்.

“இதுதானடா நம்ம ஊர் ரெயில்” என்று ஆரம்பியுங்கள்.